டச்சு இளம் டிசைனர்களும் ஃபேஷன் பரிசுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்து ஃபேஷன் பற்றி எப்போது எழுதினாலும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

நெதர்லாந்தில் ஃபேஷனா? சைக்கிளும் சீஸும்தானே அங்கே?

நியாயமான கேள்விதான். "சாதாரணமாக இரு, அதுவே போதுமான கிறுக்குத்தனம்" என்று டச்சுக்காரர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டே சைக்கிள் மிதித்து ஆபீஸ் போகிற ஊரில் பகட்டான உடைக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும்? பாரிஸ் மாதிரி நூறு வருஷத்துப் பெரிய பிராண்டுகள் அங்கே கிடையாது. டில்பர்க்கிலும் என்ஸ்கெடேயிலும் ஒரு காலத்தில் துணி ஆலைகள் ஓடின, 1960, 70களில் அவையும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன.

ஆனால் பள்ளிகள் இருக்கின்றன. ஆர்ன்ஹெமில் ஆர்டெஸ், ஆம்ஸ்டர்டாமில் ரீட்வெல்ட், ஹேக்கில் ராயல் அகாடமி, ராட்டர்டாமில் வில்லம் டி கூனிங். இவை எல்லாம் அடிப்படையில் ஓவியமும் சிற்பமும் சொல்லித்தருகிற கலைக் கல்லூரிகள், அங்கே ஃபேஷனும் ஒரு துறை. பக்கத்து வகுப்பில் ஒருவர் களிமண் பிசைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருவர் பேட்டர்ன் வெட்டிக்கொண்டிருப்பார். டச்சு டிசைனர்களின் உடைகள் ஏன் கடையில் தொங்குகிற துணி மாதிரி இல்லாமல் மியூசியத்தில் நிற்கிற பொருள் மாதிரி இருக்கின்றன என்று கேட்டால், பாதிப் பதில் இதுதான்.

உள்ளூரில் என்ன போட்டி இருக்கிறது?

ரொம்ப நாளாகப் பேசப்பட்டது 'லிக்டிங்'. டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரே வருஷம் பட்டாளத்தில் சேர்க்கப்பட்ட ஆட்கள் என்று அர்த்தம், நம் பேச்சில் சொன்னால் 'பேட்ச்'. ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அந்த வருஷம் படிப்பை முடித்தவர்களில் சிறந்த ஓரிருவரைத் தேர்ந்தெடுத்து, ஆம்ஸ்டர்டாம் ஃபேஷன் வீக்கில் எல்லோரையும் ஒரே ஷோவில் ராம்ப் ஏற்றுவார்கள். 2004இல் தொடங்கிய அந்த ஃபேஷன் வீக் நடந்த இடமே ஒரு பழைய எரிவாயுத் தொழிற்சாலை வளாகம், வெஸ்டர்காஸ்ஃபாப்ரீக். தொழிலில் இருப்பவர்கள் நடுவர்களாக உட்காருவார்கள். ஜெயித்தவருக்கு டெனிம் கம்பெனியான ஜி-ஸ்டார் கொடுத்துவந்த பரிசுப் பணம் 10,000 யூரோ.

இது தவிர டச்சுக் கோட்டூர் (ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்ரக உடை) உலகின் மூத்தவரான ஃப்ரான்ஸ் மோலனார் (2015இல் காலமானார்) தன் பெயரிலேயே இளையவர்களுக்கு ஒரு பரிசு வைத்திருந்தார். கொஞ்சம் நின்று காலூன்றியவர்களுக்கு, கலாசார நிதியான கல்ச்சூர்ஃபோண்ட்ஸ் கொடுக்கும் 50,000 யூரோ ஃபேஷன் உதவித்தொகை இருக்கிறது. போட்டி என்று சொல்ல முடியாவிட்டாலும், படைப்புத் தொழில்களுக்கான அரசு நிதியிடம் விண்ணப்பித்து மானியம் வாங்குவதும் அங்கே வாடிக்கை.

10,000 யூரோ பெரிய தொகை இல்லையா?

நம் ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு டிசைனரின் வருஷக் கணக்கைப் பாருங்கள். மார்ச்சில் ஷோ. அதற்கு முன்பே துணி வாங்கி, பேட்டர்ன் போட்டு, சாம்பிள் தைத்து முடித்திருக்க வேண்டும், எல்லாம் கைக்காசு. ஷோ முடிந்ததும் கடைக்காரர்கள் வந்து ஆர்டர் எழுதுவார்கள். எழுதுவார்கள், அவ்வளவுதான், காசு வராது. அந்த ஆர்டருக்கான துணியை மறுபடி கைக்காசு போட்டு வாங்கி, தைத்து, ஆகஸ்ட் வாக்கில் அனுப்பிவைத்து, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பணம் வரும். அது வருவதற்குள் அடுத்த செப்டம்பர் ஷோ தலைக்கு மேல் வந்து நிற்கும். ஆக, ஆர்டர் கிடைக்காமல் மூடுகிற லேபிள்கள் ஒரு பக்கம் இருக்க, ஆர்டர் கிடைத்தும் அதைத் தைத்துக் கொடுக்கக் காசில்லாமல் மூடுகிற லேபிள்கள் இன்னொரு பக்கம் இருக்கின்றன. இரண்டாவது வகைக்குத்தான் என் மனசு அதிகம் அடித்துக்கொள்ளும்.

பரிசுப் பணம் போய் நிரப்புவது இந்தப் பள்ளத்தை. 10,000 என்பது அதில் ஒரு மண்வெட்டி மண்.

அப்போது பெரிய பணம் எங்கே இருக்கிறது?

பிரான்ஸில். மூன்று பெயர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இயேர்: தெற்குப் பிரான்ஸில் கடலோர ஊர். 1986 முதல் அங்கே இளம் டிசைனர்களுக்கான விழா நடக்கிறது. பணத்தைவிடப் பெயருக்காகப் போகிற இடம்.

ஆண்டம்: பிரெஞ்சு ஃபேஷன் பரிசு, 1989இல் தொடங்கியது. முதல் வருஷமே, பின்னாளில் பெரிய பெயரெடுத்த பெல்ஜிய டிசைனர் மார்டின் மார்ஜியேலாவுக்குக் கொடுத்தார்கள், அந்த ஒரு தேர்வை வைத்தே அவர்கள் இன்றுவரை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

எல்விஎம்ஹெச் பரிசு: லூயி வுய்ட்டான், டியோர் எல்லாம் வைத்திருக்கும் அதே குழுமம். 2014 முதல் கொடுக்கிறார்கள். 40 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு கலெக்ஷனாவது (ஒரு சீசனுக்கான உடைத் தொகுப்பு) செய்திருக்க வேண்டும், எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். 2024 கணக்குப்படி முதல் பரிசு 400,000 யூரோ. கூடவே ஷனேல் பிராண்டைப் பல வருஷம் நடத்திய மறைந்த டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் பெயரில் ஒரு பரிசு, கைவினைத் திறனுக்கு ஒரு பரிசு, இரண்டும் தலா 200,000. பணத்தோடு ஒரு வருஷம் குழுமத்து ஆட்களே பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டுவார்கள். கான்ட்ராக்ட் எப்படிப் படிப்பது, விலை எப்படி வைப்பது, யாரை வேலைக்கு எடுப்பது என்று. கலைக் கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் பணத்தைவிட இது பெரிது என்பேன்.

இவை தவிர ஆஸ்திரேலியக் கம்பளிக்காரர்கள் நடத்தும் வூல்மார்க் பரிசு. 1954இல் அந்தப் போட்டியில் கோட்டுக்குப் பரிசு வாங்கியவருக்கு வயது 21, கவுனுக்கு வாங்கியவருக்கு 18. முதலாமவர் கார்ல் லாகர்ஃபெல்ட், இரண்டாமவர் ஈவ் சான் லொரான், பின்னாளில் தன் பெயரிலேயே பாரிஸில் பெரிய பிராண்டு நடத்தியவர்.

தேர்வு எப்படி நடக்கும்? ராம்ப் ஷோ பார்த்து மார்க் போடுவார்களா?

எல்விஎம்ஹெச்சில் ராம்பே கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆண்டுக்கு 2,000க்கும் மேல் விண்ணப்பங்கள் வரும், அதில் 20 பேரை எடுப்பார்கள். மார்ச் மாதம் பாரிஸில் ஒரு பெரிய ஹாலில் ஆளுக்கு ஒரு மூலை. ஒரு துணி ஸ்டாண்டு, ஒன்றிரண்டு மாடல்கள், பக்கத்தில் டிசைனர். கடைக்காரர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், ஸ்டைலிஸ்ட்டுகள் என்று வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அதே கதையை, புதிதாகச் சொல்வது போல, நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் கேட்டுக்கொண்டே கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்பார். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது நரகம். அங்கிருந்து 8 பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள், அங்கே குழுமத்தின் பெரிய டிசைனர்கள் நடுவர்களாக இருப்பார்கள்.

டச்சுக்காரர்கள் யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

டுரான் லான்டிங்க். ஹேக் நகரத்துக்காரர், 1987இல் பிறந்தவர், ரீட்வெல்டிலும் அதன் முதுநிலைப் பள்ளியான சான்ட்பெர்க்கிலும் படித்தவர். இவர் வேலையே வெட்டி ஒட்டுவது. கடைகளில் விற்காமல் தேங்கிய பெரிய பிராண்டு உடைகளை எடுத்து, ஒன்றின் பாதியை இன்னொன்றின் பாதியோடு சேர்த்துத் தைத்து மூன்றாவதாக ஒன்றைச் செய்வார். 2018இல் அமெரிக்கப் பாடகி ஜனெல் மொனே ஒரு பாடல் வீடியோவில் போட்டுவந்த, பெண்ணுறுப்பு வடிவத்தில் இளஞ்சிவப்பு மடிப்புகள் வைத்த பேன்ட் இவர் செய்ததுதான்.

2019இல் எல்விஎம்ஹெச்சுக்குப் போனார். அந்த 20 பேரில் ஒருவர், அதற்கு மேல் நகரவில்லை. 2023இல் ஆண்டமின் சிறப்புப் பரிசு. 2024இல் மறுபடி எல்விஎம்ஹெச், இந்த முறை கார்ல் லாகர்ஃபெல்ட் பரிசு. 2025 ஏப்ரலில் வூல்மார்க், அதாவது லாகர்ஃபெல்ட் 21 வயதில் வாங்கிய அதே பரிசு. அதே மாதம் ஜான் பால் கோத்தியே பிராண்டின் கிரியேட்டிவ் டைரக்டராகவும் அறிவிக்கப்பட்டார். கோத்தியே 2020இல் ஒதுங்கிய பிறகு சீசனுக்கு ஒரு விருந்தாளி டிசைனர் என்று ஓட்டிக்கொண்டிருந்த பிராண்டு அது. நிரந்தரமாக உட்காரவைத்த முதல் ஆள் இவர்தான்.

உடனே கைதட்டினார்களா என்றால் இல்லை. அக்டோபரில் நடந்த முதல் ஷோவில், ரோமம் அடர்ந்த நிர்வாண ஆண் உடம்பை அப்படியே அச்சடித்த உடையைப் பெண் மாடல்களுக்குப் போட்டு அனுப்பினார். இணையம் கொதித்தது. அதற்கு முன் மார்ச்சில் தன் சொந்த லேபிள் ஷோவிலும் ஒரு ஆணுக்குக் குலுங்குகிற ரப்பர் மார்பை மாட்டி அனுப்பியவர்தான், ஆகவே கோத்தியே ஆட்கள் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த மார்பு பிடிக்கவில்லை. ஆனால் இடுப்பிலும் தோளிலும் துணியைத் தள்ளி வைத்து, உடம்பே வேறு இடத்தில் இருப்பது போல அவர் வெட்டுகிற ஜாக்கெட்டுகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தோற்றுவிட்டால் எல்லாம் போச்சா?

பொட்டர் ஜோடியைக் கேளுங்கள். ரஷெமி பொட்டர் கரீபியன் தீவான குராசாவோவில் பிறந்தவர் (அது நெதர்லாந்து அரசின் கீழ் உள்ள தீவு), லிசி ஹெரெப்ரூக்கின் குடும்பத்தில் டொமினிக்கன் வேர் உண்டு. ஒருவர் ஆன்ட்வெர்ப்பிலும் மற்றவர் ஆம்ஸ்டர்டாமிலும் படித்தார்கள். 2018இல் இயேரில் முதல் பரிசு. அதே வருஷம் எல்விஎம்ஹெச் இறுதிச் சுற்றில் தோல்வி, பரிசு ஜப்பான்காரர் ஒருவருக்குப் போனது. சில மாதம்கூட ஆகவில்லை, பாரிஸின் நினா ரிச்சி பிராண்டு இருவரையும் கூப்பிட்டு கிரியேட்டிவ் டைரக்டர் நாற்காலியில் உட்காரவைத்தது. இறுதிச் சுற்று வரை போனாலே பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

2022 ஜனவரியில் நினா ரிச்சியை விட்டு வெளியே வந்தார்கள், அந்த வருஷமே தங்கள் சொந்த லேபிளுக்கு ஆண்டம் முதல் பரிசை வாங்கினார்கள். அந்த செப்டம்பர் ஷோவில் மாடல்களின் கைகளில் கையுறை மாதிரி தொங்கியது என்ன தெரியுமா? நிற நீர் நிரப்பிய ஆணுறைகள். கடல்தான் அவர்களுக்கு எப்போதும் விஷயம், பவளப்பாறை, மீன்வலை, கரை ஒதுங்கும் பிளாஸ்டிக்.

பரிசு வாங்கினால் உடனே வாழ்க்கை மாறிவிடுமா?

விக்டர் அண்ட் ரோல்ஃப் கதை இதற்குச் சரியான மருந்து. விக்டர் ஹோர்ஸ்டிங், ரோல்ஃப் ஸ்னூரன் இருவரும் 1992இல் ஆர்ன்ஹெமில் படிப்பை முடித்தார்கள். 1993இல் இயேரில் ஒரே நேரத்தில் மூன்று பரிசுகளை அள்ளினார்கள். அப்புறம்? ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வாங்கவில்லை. 1996இல் பாரிஸ் ஃபேஷன் வீக் நடக்கும்போது ஷோவுக்குப் பதிலாக "விக்டர் அண்ட் ரோல்ஃப் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள்" என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதே வருஷம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கேலரியில் வாசனைத் திரவியம் ஒன்றை வெளியிட்டார்கள். மூடியைத் திறக்க முடியாத பாட்டில், எனவே மணமும் கிடையாது. தங்களுக்கு இல்லாத வெற்றியைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள்.

1998இல் கோட்டூர் ஷோ தொடங்கிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2005இல் லோரியாலோடு சேர்ந்து திறக்கக்கூடிய பாட்டிலில் 'ஃப்ளவர்பாம்' வந்தது, பயங்கரமாக விற்றது. 2015இல் கடைக்கான ரெடிமேட் உடைகளையே நிறுத்திவிட்டார்கள். இன்று கோட்டூர் ஒரு பக்கம், சென்ட் ஒரு பக்கம். ஆக, அந்த உடைகளுக்கு யார் காசு தருகிறார்கள் என்று கேட்டால், விமான நிலையக் கடையில் பாட்டில் வாங்குகிறவர்கள் தருகிறார்கள்.

இந்த உடைகளை யாராவது போடுவார்களா?

ராணியே போடுவார். யான் டமினியோ என்ற டிசைனர் பழைய தபால் சாக்குகளை வெட்டி ஜாக்கெட் தைத்தார், மாக்ஸிமா அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். 2013 ஏப்ரல் 30 அன்று கணவர் வில்லம்-அலெக்சாண்டர் அரியணை ஏறியபோது மாக்ஸிமா அணிந்த நீல கவுனும் அவர் செய்ததுதான். தபால் சாக்கில் தொடங்கியவருக்கு அது மோசமில்லை.

ஆனால் பெரும்பாலான கலெக்ஷன்கள் தெருவுக்கு வராது என்பதும் உண்மை. 2010 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் ஃபேஷன் வீக்கில் இரிஸ் ஃபான் ஹெர்பன் காட்டிய வெள்ளை மேலாடையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்கு வயது 26. நகரத்து ஸ்டெடலைக் மியூசியத்துக்குப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு ஊர்க்காரர்கள் 'குளியல் தொட்டி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இவர் அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரும் அதில் படிகிற சுண்ணாம்பும் என்று யோசித்துப் போனார். கட்டடக் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து கணினியில் வரைந்து, பாலியமைடு (நைலான்) தூளை லேசர் கொண்டு அடுக்கடுக்காக உருக்கி 3டி பிரிண்டரில் எடுத்த உடை அது. தோளில் நத்தை ஓடு போலச் சுருண்டு நிற்கும், வரி வரியாக. எங்கேயும் தையல் கிடையாது. அதே கலெக்ஷனில் இன்னொன்று, வெளிப்படையான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிக் குறடால் இழுத்து, யாரோ வாளித் தண்ணீரை மேலே வீசிய கணம் உறைந்தது போலச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார முடியாது, உட்காரச் சொல்லி அவர் செய்யவும் இல்லை. 2011இல் பாரிஸ் கோட்டூர் சங்கம் அவரை விருந்தினர் உறுப்பினராகச் சேர்த்தது, 2014இல் ஆண்டம் 250,000 யூரோ கொடுத்தது, 2017இல் டச்சு அரசின் யொஹானஸ் வெர்மீர் பரிசு, 100,000 யூரோ. இவற்றில் சொந்த நாட்டு அரசின் பரிசு கடைசியாக வந்ததைக் கவனியுங்கள்.

பரிசுப் பட்டியலில் வராத மற்றவர்கள் என்ன ஆகிறார்கள்?

பெரும்பாலும் வேலைக்குப் போகிறார்கள். ஜி-ஸ்டாரின் தலைமையகமும், டாமி ஹில்ஃபிகரை நடத்தும் பிவிஹெச்சின் ஐரோப்பிய அலுவலகமும் ஆம்ஸ்டர்டாமிலேயே இருக்கின்றன. சிலர் பாரிஸ் பிராண்டுகளுக்குள் போய்ப் பெயர் தெரியாமல் நல்ல வேலை செய்வார்கள். ஆர்ன்ஹெமில் படித்த லூகாஸ் ஓசன்ட்ரைவர் பத்து வருஷத்துக்கும் மேல் லான்வானின் ஆண்கள் பிரிவை நடத்தினார். அவருடைய ஸ்னீக்கரைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் டச்சுக்காரர் என்று தெரியும்?

ஏன் எல்லோரும் பாரிஸுக்கே ஓடுகிறார்கள்? நெதர்லாந்திலேயே இருந்தால் என்ன?

கடைக்காரர் அங்கேதான் வருகிறார். டோக்கியோவிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வருகிறவர் பாரிஸில் ஒரு வாரம் தங்கி எல்லா ஆர்டரையும் எழுதிவிடுவார், அதற்காக ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் வர மாட்டார். உள்ளூர்ப் போட்டிகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவற்றை ரயில் டிக்கெட் என்று நினைத்துக்கொள்வதுதான் சரி. டிக்கெட்டை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியவர்கள் நிறைய.

நம் ஊருக்கும் டச்சு உடைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் பழசு. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூ வரைந்த பருத்தித் துணிக்கு அங்கே 'சிட்ஸ்' என்று பெயர். வடக்கே ஹிண்டலோபன் என்ற சின்ன ஊரில் பெண்களின் நீண்ட மேலங்கி இந்தத் துணியில்தான் தைக்கப்பட்டது. துவைத்தாலும் சாயம் போகாத இப்படிப்பட்ட வண்ணப் பருத்தி அப்போது ஐரோப்பாவுக்குப் புதுசு. 2017இல் லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் மியூசியம் இதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

இன்றைய டிசைனர்களும் அந்த ஊர்ப்புற உடைகளைக் கிளறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2007இல் விக்டர் அண்ட் ரோல்ஃப் தங்கள் மாடல்களுக்கு டச்சு நாட்டுப்புற உடையும் குதிகால் வைத்த மரக்கட்டைச் செருப்பும் போட்டு, ஒவ்வொருத்தியின் முதுகிலும் இரும்புச் சட்டம் கட்டி, அதிலேயே அவளுக்கான விளக்கையும் ஸ்பீக்கரையும் மாட்டி நடக்கவைத்தார்கள்.

நேரில் பார்க்க வேண்டுமானால்?

ஜூன், ஜூலையில் போங்கள். கல்லூரிகளின் இறுதியாண்டு ஷோக்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். நவம்பரில் போகிறவர்களுக்கு மாஸ்ட்ரிக்டில் நடக்கும் ஃபேஷன்கிளாஷ் விழா இருக்கிறது, இளையவர்களுக்கானது, நடனமும் நாடகமும் கலந்திருக்கும், பரிசுக் கணக்கெல்லாம் தெரியாதவர்களுக்கும் பிடிக்கும். ஆர்ன்ஹெமில் கிளாரெண்டால் என்ற பழைய தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றி வாருங்கள், டிசைனர்கள் கீழே கடை, மேலே வீடு என்று தெருவோடு இருக்கிறார்கள். சில நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் எழுந்து வந்து பில் போடுவார்.